கூட்டுப் பெருங்காயத்தில் இருக்கும் கோதுமை: தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருங்காயப் பிசினை வரவழைத்து, மாவும் பசையும் சேர்த்துப் பிசைந்து, கட்டியாகவும் தூளாகவும் விற்கும் தயாரிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் விற்பது கூட்டுப் பெருங்காயம். சுத்தப் பிசினை அப்படியே குழம்பில் போட்டால் ஒரு தெரு முழுக்க மணக்கும், நாக்கும் கசக்கும் என்பதால் அதில் மாவைக் கலக்கிறீர்கள். உணவுப் பாதுகாப்பு விதியும் இதை ஏற்கிறது. ஈரானி, பதானி என்ற இரு வகைப் பெருங்காயங்களுடன் வேலம்பிசினும், உண்ணத்தக்க ஸ்டார்ச்சோ தானிய மாவோ சேர்க்கலாம். 90 சதவீத ஆல்கஹாலில் கரையும் பகுதி 5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, மொத்தச் சாம்பல் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தானிய மாவு என்றால் எந்தத் தானியம் என்று விதி கேட்பதில்லை. விலை மலிவு, ஒட்டும் தன்மை அதிகம் என்பதால் பல ஆலைகளில் அந்த இடத்தை மைதா பிடித்துக்கொண்டது. இந்த மடல் அந்த மைதாவைப் பற்றியது.

கேட்பது இரண்டுதான். மைதாவுக்குப் பதில் அரிசி மாவும் மரவள்ளி ஸ்டார்ச்சும் போடுங்கள். அதுவரை, டப்பாவில் கோதுமை இருப்பதைத் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் சொல்லுங்கள்.

சீலியாக் என்பது குடலின் தன்னெதிர்ப்பு நோய். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்னும் பசைப் புரதம்தான் அதைக் கிளப்புகிறது. நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ 1950இல் தம் ஆய்வேட்டில் கோதுமையைக் குற்றவாளியாக நிறுத்தினார். உடல் எந்த நொதியை எதிர்த்து எதிரணு உண்டாக்குகிறது என்பது 1997இல் ஜெர்மனியில் தெரியவந்தது. டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற அந்த நொதியை வைத்துத்தான் இன்று ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். சிறுகுடலின் உள்சுவரில் பட்டுத்துணியின் நூலிழைபோல நிற்கும் குடலுறிஞ்சிகள் தட்டையாகிவிடுகின்றன. இரும்பு, கால்சியம், ஃபோலிக் அமிலம் உடலில் ஏறாது. பேதி வந்தே ஆக வேண்டும் என்றில்லை. எத்தனை மாதம் இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் ஏறாத ரத்தசோகை, வயதுக்கு ஏற்ப வளராத குழந்தை, ஆறாத வாய்ப்புண், இளவயதிலேயே தேயும் எலும்பு என்று பல வேடங்களில் வரும்.

மருந்து இன்னும் வரவில்லை. குடல் செல்களின் இணைப்புகளை இறுக்குவதாகச் சொல்லப்பட்ட லாரசோடைடு என்ற மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனை 2022இல் பாதியில் நின்றது. டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதியையே தடுக்கும் இசட்ஈடி1227 என்ற மாத்திரை 2021இல் வெளியான சோதனையில் குடலை ஓரளவு காத்தது. கடைக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது. ஆகவே நோயாளிக்கு இருக்கும் ஒரே வைத்தியம், ஆயுள் முழுக்கக் குளூட்டனைத் தொடாமல் இருப்பது. சப்பாத்தி, பரோட்டா, ரவா உப்புமா, சேமியாவைத் தள்ளுவது கஷ்டமில்லை. அவை கண்ணுக்குத் தெரியும். சாம்பாரில் கோதுமை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

இதைக் கேட்டதும் உங்களில் சிலர் சொல்லப்போகும் முதல் பதில், “அது வடக்கத்தி நோய், நம்ம பக்கம் கிடையாது” என்பது. அதற்கு ஆதாரம் இருப்பதுபோலத்தான் தோன்றும். பி.எஸ். ராமகிருஷ்ணாவை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 2016இல் வெளியான ஆய்வில், நாட்டின் மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களின் ரத்தத்தைப் பார்த்தார்கள். சீலியாக் எதிரணு வடக்கில் 1.23 சதவீதம் பேருக்கும், வடகிழக்கில் 0.87 சதவீதம் பேருக்கும், தெற்கில் 0.10 சதவீதம் பேருக்கும் இருந்தது. இத்தோடு நிறுத்திக்கொண்டால் உங்கள் வாதம் சரி. ஆனால் அதே ஆய்வு இன்னும் இரண்டு கணக்கு எடுத்தது. இந்த நோய் வரத் தேவையான டிகியூ2, டிகியூ8 மரபணு வகைகள் வடக்கில் 38.1 சதவீதம் பேரிடமும், தெற்கில் 36.4 சதவீதம் பேரிடமும் இருந்தன. கிட்டத்தட்ட சமம். ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமையோ வடக்கில் சராசரி 455 கிராம், தெற்கில் 25 கிராம். விதை இரு நிலத்திலும் இருக்கிறது. தண்ணீர் ஒரு நிலத்தில்தான் பாய்ந்திருக்கிறது.

அந்தத் தண்ணீர் இப்போது இங்கேயும் பாய்கிறது. சர்க்கரை நோய் வந்துவிட்டால் இரவுச் சாப்பாடு சோற்றிலிருந்து சப்பாத்திக்கு மாறுவது தமிழ்நாட்டில் எழுதப்படாத வைத்தியம். காலையில் கோதுமை ரவை, மாலையில் பிஸ்கட், ராத்திரி பரோட்டாக் கடை. கோதுமை கூடினால் மரபணு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு நோய் வெளிப்படும் என்று எதிர்பார்ப்பதுதான் நியாயம். இன்னொன்று: வேலூர் வட்டாரத்தில் 1960களில் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற குடல் நோய் கொள்ளைநோய்போலப் பரவியது, அங்கேயே அதைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சிகளும் நடந்தன. அதிலும் குடலுறிஞ்சிகள் தேயும். தெற்கில் தேய்ந்த குடலைக் கண்டால் சீலியாக் என்ற நினைப்பே வராமல் போக இப்படியும் ஒரு காரணம் உண்டு. தேடாத நோயின் கணக்கு எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும்.

உங்கள் வாடிக்கையாளர்கள் தமிழ்நாட்டோடு நிற்கவும் இல்லை. சௌகார்பேட்டையில் வாங்குகிறவரும் திருப்பூரில் வேலைக்கு வந்தவரும் உங்கள் டப்பாவைத்தான் எடுக்கிறார்கள். லண்டனிலும் டொரண்டோவிலும் ரொட்டி தின்று வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அங்கே இந்நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. வீட்டில் ரசம் மட்டும் பாதுகாப்பானது என்று தாய் நினைத்துக்கொண்டிருப்பாள்.

இரண்டாவது பதில், “ஒரு சிட்டிகைதானே?” என்பது. சிட்டிகையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கலவை விகிதம் உங்களுக்குத்தான் தெரியும். கணக்குக்காகத் தூளில் பாதி மைதா என்று வைத்துக்கொள்கிறோம். மைதாவில் புரதம் ஏறக்குறைய 10 சதவீதம், அதில் ஐந்தில் நான்கு பங்கு குளூட்டன். அப்படியானால் ஒரு கிராம் பெருங்காயத் தூளில் அரை கிராம் மைதா, அதில் 40 மில்லிகிராம் குளூட்டன். ஒரு லிட்டர் ரசத்துக்குக் கால் தேக்கரண்டி போட்டால் சுமார் 0.75 கிராம், அதாவது 30 மில்லிகிராம் குளூட்டன். இந்திய விதியும் கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர விதியும் குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்ட உணவுக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரைதான் அனுமதிக்கின்றன. கோதுமை என்ற பேச்சே இல்லாத ரசம் அந்த வரம்பைத் தாண்டி நிற்கிறது.

ஆளுக்கு 200 மில்லி என்றால் ஒரு டம்ளர் ரசத்தில் 6 மில்லிகிராம். காலையில் இட்லிக்குச் சாம்பார், மத்தியானம் சாம்பார், ரசம், கூட்டு, மோர், ஓரத்தில் ஊறுகாய், சாயங்காலம் ஒரு வடை. நாள் முடிவில் 25, 30 மில்லிகிராமை எளிதாகத் தொட்டுவிடும். 2007இல் வெளியான ஆய்வில், இத்தாலியின் கார்லோ கட்டாசி குழுவினர் சீலியாக் உள்ள 49 பெரியவர்களைப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தினம் 10 மில்லிகிராம் குளூட்டன், இன்னொன்றுக்கு 50 மில்லிகிராம், மூன்றாவதற்குக் குளூட்டன் இல்லாத வெறும் மாத்திரை என்று 90 நாள் கொடுத்தார்கள். 50 மில்லிகிராம் எடுத்தவர்களின் குடல் திசுவில் கேடு அளக்கும்படி தெரிந்தது. 10 மில்லிகிராம் எடுத்தவர்களிலும் ஒருவருக்கு நோய் அறிகுறி திரும்பியது. ஆகவே தினம் 10 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பதும், 50 நிச்சயம் கெடுக்கும் என்பதும்தான் இன்றைய நடைமுறை. உங்கள் சிட்டிகை இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் 90 நாளுக்கு அல்ல, ஆயுள் முழுக்க.

கொதித்தால் போய்விடாதா என்று கேட்பவர்களுக்கு: போகாது. குளூட்டனில் புரோலின், குளூட்டமின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் நெருக்கமாக இருப்பதால் நம் செரிமான நொதிகளாலேயே அதை முழுதாக வெட்ட முடிவதில்லை. 33 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டு வெட்டுப்படாமல் குடல்வரை போவதை 2002இல் ஸ்டான்ஃபோர்டில் காட்டினார்கள். வயிற்று அமிலமே செய்யாத வேலையை எண்ணெய்த் தாளிப்பு செய்துவிடாது.

இதில் ஒரு கொடுமையான வேடிக்கையும் இருக்கிறது. வயிறு உப்புசம் என்றால் நம் வீடுகளில் கை முதலில் போவது பெருங்காயத்துக்குத்தான். மோரில் கரைத்துக் கொடுப்பார்கள், வெந்நீரில் கலக்கிக் கொடுப்பார்கள். சீலியாக்கால் வயிறு ஊதிப்போனவருக்கு அந்த மோரே அடுத்த வேளை கோதுமை.

இனி தொழில் விஷயம். “மைதா இல்லாவிட்டால் கட்டி நிற்காது” என்பது மூன்றாவது பதில். மூன்றில் இதில்தான் சரக்கு இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறோம்.

மைதா உங்கள் தொட்டியில் மூன்று வேலை செய்கிறது. நீர் பட்டதும் குளூட்டன் வலைபோல் பின்னி, பிசினையும் மாவையும் இழுத்துப் பிடிக்கிறது. பிசினின் எண்ணெயை உறிஞ்சிக் கை ஒட்டாமல் வைக்கிறது. காய்ந்த பிறகு கட்டிக்கு வழுவழுப்பான முகம் கொடுக்கிறது. அரிசி மாவில் அந்த வலை கிடையாது. மைதாவை எடுத்துவிட்டு அதே எடைக்கு அரிசி மாவைக் கொட்டினால் கட்டி வெயிலில் வெடிக்கும், வெட்டும்போது ஓரம் உதிரும், தூள் நரநரக்கும். இப்படி ஒரு முறை செய்து பார்த்துவிட்டு மைதாவுக்கே திரும்பிய ஆலைகள் மேல் குறை சொல்ல முடியாது.

உதிர்வதற்குக் காரணம் பிணைப்பு இல்லாமை. அதை வேறிடத்திலிருந்து கொண்டுவர வேண்டும். தொடக்கச் சோதனைக்கு ஒரு விகிதம்: பிசினும் வேலம்பிசினும் இப்போது போடும் அளவிலேயே இருக்கட்டும். மைதாவின் எடையை நூறாக எடுத்துக்கொண்டு, 85 பங்கு நைசான பச்சரிசி மாவு, 15 பங்கு மரவள்ளி ஸ்டார்ச் போடுங்கள். ஸ்டார்ச்சை அப்படியே தூவக் கூடாது. அதில் மூன்றில் ஒரு பங்கை எட்டு மடங்கு தண்ணீரில் கரைத்து, சிறுதீயில் கிளறி, வெள்ளை நிறம் மறைந்து கண்ணாடிபோல் ஆகும்வரை காய்ச்சுங்கள். 70 டிகிரியைத் தாண்டினால் ஆகிவிடும். அந்தக் கஞ்சிதான் குளூட்டன் செய்த வேலையைச் செய்யும். மீதி ஸ்டார்ச்சை அரிசி மாவோடு உலர்வாகக் கலந்துகொள்ளுங்கள். வேலம்பிசினை இரண்டு பங்கு தண்ணீரில் ராத்திரி ஊறவைத்துக் காலையில் துணியில் வடிகட்டி, ஸ்டார்ச் கஞ்சி ஆறிய பிறகு இரண்டையும் சேர்த்துப் பிசைய வேண்டும். கஞ்சி சூடாக இருக்கும்போது பெருங்காயப் பிசினைப் போட்டால் மணம் தரும் கந்தக எண்ணெய்கள் ஆவியாகிப் போகும். ஆல்கஹால் சாற்று அளவு 5 சதவீதத்தை ஒட்டி ஓடும் ஆலைகள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

கஞ்சியோடு தண்ணீர் கூடுதலாகப் போவதால், பிசையும்போது மற்ற தண்ணீரைக் குறைக்க வேண்டும். மறந்தால் கட்டி காயாமல் உள்ளே புளித்துவிடும். காய வைப்பதிலும் மாற்றம் வேண்டும். மைதாக் கட்டியை நேரே வெயிலில் போடலாம், குளூட்டன் வலை சுருங்கும்போது வளைந்து கொடுக்கும். அரிசிக் கட்டி வளையாது, வெடிக்கும். முதல் நாள் நிழலில் காற்றாட, இரண்டாம் நாளிலிருந்து வெயிலில் என்று பிரித்தால் வெடிப்பு குறையும். அப்படியும் வெடித்தால் கஞ்சிக்கான பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ரப்பர்போல் இழுத்தால் குறையுங்கள்.

தூளுக்கு இத்தனை பாடு இல்லை. மாவை முன்கூட்டியே இளம் வறுவலாக வறுத்து ஈரத்தை எடுத்துவிட்டால் தூள் கட்டி பிடிக்காது. நரநரப்புக்குக் காரணம் அரிசி மாவின் பருமன்; சல்லடையை ஒரு எண் நைசாக மாற்றினால் தீரும். நிறத்துக்கு மஞ்சள் சேர்க்கிறவர்கள் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்: மஞ்சள் தூளை வெளியில் அரைத்து வாங்கினால் அந்த அரவை மில்லில் கோதுமையும் ஓடுகிறதா என்று கேட்க வேண்டும்.

செலவு? உங்கள் விலையை நிர்ணயிப்பது ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வரும் பிசின். மாவுச் செலவு அதன் பக்கத்தில் கூட நிற்காது. மரவள்ளி ஸ்டார்ச்சுக்குச் சேலம் வட்டாரம் இருக்கிறது, அரிசிக்கு நாடே இருக்கிறது. வெளிமாநிலக் கோதுமையில் அரைத்த மைதாவை விட்டுவிட்டு உள்ளூர்ச் சரக்குக்கு மாறுவது வாங்குவதற்கும் சௌகரியம்தான்.

மாவை மாற்றிவிட்டால் மட்டும் முடிந்தது என்று நினைத்து டப்பாவில் குளூட்டன் இல்லாதது என்று அச்சடித்துவிடாதீர்கள். கிலோவுக்கு 20 மில்லிகிராம் குளூட்டன் என்றால் எவ்வளவு மைதா தெரியுமா? கால் கிராம். நூறு கிலோ பேட்சுக்கு 25 கிராம். ஒரு கைப்பிடி கூட இல்லை. பழைய மைதாச் சாக்கில் அரிசி மாவைக் கொட்டி வைத்தாலே அந்த அளவு சேர்ந்துவிடும்.

அது எங்கிருந்தெல்லாம் வரும் என்று பார்த்தால், முதலில் அரிசி மாவு. தெரு முனை மில்லில் அரைத்து வாங்கினால் முந்தைய ஆள் அரைத்த கோதுமை கல்லிலும் குழாயிலும் ஒட்டியிருக்கும். உங்கள் அரிசி அதைத் துடைத்துக்கொண்டு வரும். அரிசியாக வாங்கி உங்கள் இடத்திலேயே அரையுங்கள். அடுத்து பல்வரைசர் என்ற அரவை இயந்திரத்தின் துணிப்பை. தூசியைப் பிடிக்கும் அந்தப் பையைத் துவைத்தாலும் மைதா முழுதாகப் போகாது. அரிசிக்கென்று தனிப் பை வேண்டும். சல்லடைக்கும் அதே கதி. காய வைக்கும் களத்தில் ஒரு பக்கம் மைதாக் கட்டியும் மறுபக்கம் அரிசிக் கட்டியும் கிடந்தால் காற்று பாகுபாடு பார்க்காது. இயந்திரத்தைச் சுத்தம் செய்யக் காற்றுக் குழாயால் ஊதுவது எல்லா ஆலையிலும் பழக்கம். அதுதான் மிகக் கெட்டது. ஊதிய மாவு நெடுநேரம் அந்தரத்தில் மிதந்து, சுத்தம் செய்த இயந்திரத்தின் மேலேயே வந்து இறங்கும். வேக்குவம் கொண்டு உறிஞ்சுங்கள். ஒரே இயந்திரத்தில் இரண்டும் ஓட வேண்டிய நிலை என்றால் வாரத்தின் முதல் ஓட்டம் அரிசி, கடைசி ஓட்டம் மைதா என்று வையுங்கள். மாற்றும்போது நாலைந்து கிலோ அரிசி மாவை ஓட்டி, அந்த மாவை மைதாப் பேட்சுக்குத் தள்ளிவிடுங்கள், குப்பையில் போட வேண்டியதில்லை.

வரும் பிசினிலும் ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருக்கலாம், எடை கூட்டவும் கலந்திருக்கலாம். ஒரு துளி அயோடின் விட்டால் நீலம் காட்டிக்கொடுக்கும். ஆனால் அயோடின் ஸ்டார்ச் இருப்பதை மட்டும்தான் சொல்லும். அரிசியா கோதுமையா என்று அதற்குத் தெரியாது. அதற்குக் குளூட்டன் சோதனைதான் வேண்டும்.

குளூட்டன் சோதனைக்கு உலகம் ஏற்ற முறை ஆர்5 எலைசா என்ற எதிரணு வழிச் சோதனை. அது குளூட்டனில் உள்ள கிளியாடின் என்ற பகுதியை அளந்து இரண்டால் பெருக்கிக் குளூட்டன் என்று சொல்கிறது. பெருங்காயத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. பிசின்களிலும் மசாலாக்களிலும் உள்ள பாலிஃபீனால்கள் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால், பிரித்தெடுக்கும் கரைசலில் குளூட்டன் இறங்காமல் சோதனை பொய்யாகக் குறைந்த எண்ணைக் காட்டலாம். பரிசோதனைச் சாலையிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: பிரித்தெடுக்கும்போது மீன் ஜெலட்டினோ கொழுப்பு நீக்கிய பால்தூளோ சேர்க்கிறீர்களா? எங்கள் தூளில் தெரிந்த அளவு குளூட்டனை நீங்களே கலந்து, எத்தனை சதவீதம் திரும்பக் கிடைக்கிறது என்று பார்த்தீர்களா? பரிசோதனைச் சாலைகளுக்கான தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். உங்களுக்குத் தந்த அங்கீகாரத்தில் மசாலாப் பொருளில் குளூட்டன் அளப்பது அடங்கியிருக்கிறதா? மூன்றுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் வேறு சாலைக்குப் போங்கள். மாதிரியை ஒரே டப்பாவிலிருந்து எடுக்காமல், இயந்திரம் மாற்றியவுடன் வரும் முதல் பொட்டலம், நடு, கடைசி என்று எடுங்கள். முதல் பொட்டலம்தான் உண்மை சொல்லும். குளூட்டன் இருந்தால் கோடு விழும், விலை மலிவான கோட்டுப் பட்டைச் சோதனை தினசரிக் காவலுக்கு நல்லது. ஆனால் குளூட்டன் மிக அதிகமாக இருந்தால் அந்தப் பட்டை திணறிக் கோடே காட்டாமல் விடும் என்பதால் மைதா கலந்த தூளை அதில் சோதித்துவிட்டு மகிழ வேண்டாம்.

இதற்கெல்லாம் சில மாதங்கள் ஆகும். லேபிளுக்கு ஆகாது.

2020ஆம் ஆண்டு லேபிள் விதிப்படி குளூட்டன் உள்ள தானியம் ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கிறது. கோதுமை இருந்தால் தனியாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ சொன்னால் விதிக்குப் போதும், தமிழ் உங்கள் விருப்பம். நாட்டு மருந்துக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் வரும் எத்தனை பேர் அந்தப் பொடி எழுத்து ஆங்கிலத்தைப் படிப்பார்கள்? “உண்ணத்தக்க ஸ்டார்ச்” என்று மட்டும் போட்டுவிட்டு நகர்வது இன்னும் மோசம். எது என்று சொல்லுங்கள். எங்களுக்கு வேண்டியது ஒரே வரி: “இதில் கோதுமை (மைதா) உள்ளது.” டப்பாவின் முன்பக்கம், தமிழில், பெயருக்கு அடுத்தபடியாக. சின்ன டப்பாக்களுக்கு விதி சில சலுகைகள் தருகிறது. இந்த ஒரு வரிக்கு அந்தச் சலுகையை எடுக்காதீர்கள். ஐரோப்பாவுக்கு அனுப்பும் பொட்டலத்தில் கோதுமையை மற்ற எழுத்திலிருந்து தனித்துத் தெரியும்படி அச்சிட 1169/2011 விதி கட்டாயப்படுத்துகிறது. ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல.

உங்களிடம் மூட்டையாக வாங்கும் முறுக்கு, தட்டை, அப்பளம், ஊறுகாய், புளிக்காய்ச்சல் தயாரிப்பாளர்களுக்கு மாவு எது என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். ஒரு கூட்டுப்பொருள் மொத்தத்தில் 5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அதன் உள்பொருள்களைப் பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை என்று விதி இருக்கிறது. அதனால் அரிசி மாவு, உளுந்து, எள், பெருங்காயம் என்று மட்டும் எழுதியிருக்கும் முறுக்குப் பொட்டலத்தில் மைதா ஒளிந்துகொள்கிறது. ஒவ்வாமைப் பொருளுக்கு அந்தச் சலுகை செல்லாது என்பது முறுக்குக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம், பெருங்காயத்தில் மைதா இருப்பதே தெரியாமலும் இருக்கலாம். தெரியப்படுத்த வேண்டியவர் நீங்கள்.

மாறிய பிறகு விளம்பரம் செய்வீர்கள், செய்யுங்கள். ஒரு வேண்டுகோள்: குளூட்டன் இல்லாதது எல்லோருக்கும் ஆரோக்கியம், எடை குறையும், வயிறு லேசாகும் என்றெல்லாம் போடாதீர்கள். காரணம் மருத்துவம் சார்ந்தது. விளம்பரத்தைப் பார்த்துச் சந்தேகத்தில் கோதுமையை நிறுத்திவிட்டுப் பிறகு பரிசோதனைக்கு வருகிறவருக்கு எதிரணு இறங்கியிருக்கும், குடல் ஆறத் தொடங்கியிருக்கும். நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும். அதன்பின் உண்மை தெரிய வேண்டுமானால் வாரக்கணக்கில் மீண்டும் கோதுமை சாப்பிட்டுக் காட்ட வேண்டும். சரியான வரிசை இதுதான்: கோதுமையை நிறுத்தாமலே டிடிஜி ஐஜிஏ பரிசோதனை (மேலே சொன்ன நொதியை எதிர்க்கும் ஐஜிஏ வகை எதிரணுவைத் தேடுவது), கூடவே மொத்த ஐஜிஏ அளவு. சீலியாக் உள்ளவர்களில் 2, 3 சதவீதம் பேருக்கு ஐஜிஏவே மிகக் குறைவாக இருக்கும்; மொத்த அளவைப் பார்க்காவிட்டால் அவர்கள் நழுவிவிடுவார்கள். பெரியவர்களுக்கு எதிரணு இருந்தால் எண்டோஸ்கோப்பியில் முன்சிறுகுடலின் குமிழ்ப் பகுதியிலிருந்து ஒன்றிரண்டும், அதற்குக் கீழே குறைந்தது நான்கும் என்று திசு எடுக்க வேண்டும். கேடு திட்டுத்திட்டாக இருப்பதால் ஒரே துண்டு ஏமாற்றும்.

சீலியாக் இல்லாமலே கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. அவர்களில் பலருக்குக் குற்றவாளி குளூட்டனே இல்லை என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. 2018இல் வெளியான ஆஸ்லோ ஆய்வில் 59 பேருக்குக் குளூட்டன் கலந்தது, ஃபிரக்டான் என்ற சர்க்கரைத் தொடர் கலந்தது, இரண்டும் இல்லாதது என மூன்று வகைத் தின்பண்டக் கட்டிகளை எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். வயிற்றுத் தொல்லையை அதிகம் கிளப்பியது ஃபிரக்டான். வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பதும் அதுதான். அவற்றை நிறுத்தச் சொல்லும்போது மணத்துக்கு மாற்றாக உணவியலாளர்கள் பரிந்துரைப்பது எதைத் தெரியுமா? பெருங்காயத்தை. வெளிநாடுகளில் உங்கள் சரக்குக்குப் புதிதாக ஒரு வாடிக்கையாளர் கூட்டம் உருவாகியிருக்கிறது. அவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது டப்பாவின் பின்பக்கத்தை.

கடைசியாக, உடைத்து எடை போட்டு விற்கும் கட்டிப் பெருங்காயம். அதற்கு லேபிளே கிடையாது. அட்டைப்பெட்டி கடைக்குள்ளேயே நின்றுவிடும், காகிதத்தில் மடித்த துண்டு மட்டும் வீட்டுக்குப் போகும். கட்டியை அச்சில் அழுத்தும்போது அதன் முகத்திலேயே “கோதுமை” என்றோ “அரிசி” என்றோ எழுத்து பதியும்படி அச்சை வெட்டலாம். உங்கள் முத்திரையை ஏற்கெனவே அப்படித்தான் பதிக்கிறீர்கள். ஒரு கட்டிக்கு ஒரு இடத்தில் பதித்தால் உடைக்கும்போது தொலைந்துவிடும், வரிவரியாகப் பதிய வேண்டும். சின்னத் துண்டுகளில் அதுவும் சிதையும் என்பதால் பெட்டியின் மூடியில் கடைக்காரர் கண்ணில் படும்படி அதே சொல்லைப் பெரிதாக அச்சிட்டு, மூடியை நிமிர்த்தி வைத்து விற்கச் சொல்லுங்கள்.

பதில் எழுதுகிறவர்கள் தங்கள் கட்டியிலும் தூளிலும் இப்போது இருக்கும் மாவு எது, எந்த மாதத்திலிருந்து தமிழ் வரி டப்பாவில் வரும், அரிசி மாவுச் சோதனைப் பேட்ச் எடுத்துப் பார்த்தீர்களா என்ற மூன்றையும் வெளிப்படையாகவே எழுதுங்கள். சோதனைப் பேட்ச் வெடித்தது, உதிர்ந்தது, மணம் குறைந்தது என்றாலும் விகிதத்தோடு எழுதுங்கள். எங்கே திருத்தலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
உணவுத் தொழில்நுட்பம், குடல் மருத்துவம், உணவியல் ஆகிய துறைகளில் பணிபுரியும் சிலர்